உடுக்குறியை விரிப்பது யார்

சீட்டாட்டத்தில் வேறு எந்தச் சீட்டின் இடத்தையும் நிரப்பத்தக்க சீட்டை ஆங்கிலத்தில் வைல்டு கார்டு என்பர். ரம்மி ஆடும் தமிழர் அதையே ஜோக்கர் என்பர். கணினித்துறை அந்தப் பெயரைக் கடன் வாங்கி, ஒரு சொல்லிலோ கோப்பின் பெயரிலோ தெரியாத எழுத்துகளுக்கு ஈடாக எழுதப்படும் குறிக்குச் சூட்டியது. தமிழில் இதைப் பதிலிக்குறி எனலாம். இவ்வகையில் பெரிதும் வழங்குபவை இரண்டு. நட்சத்திர வடிவிலான உடுக்குறி (*), எத்தனை எழுத்துகள் வந்தாலும், ஒன்றும் வராவிட்டாலும், அவற்றுக்குப் பதிலாக நிற்பது; வினாக்குறி (?), ஓரெழுத்துக்கு மட்டும் பதிலாக நிற்பது. கணக்கு* என்று எழுதினால் கணக்கு என்று தொடங்கும் பெயர்கள் யாவும் அகப்படும் என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. எனினும் இக்குறிகள் எல்லா அமைப்புகளிலும் ஒரே பொருளைத் தந்ததில்லை. குறியை முதலில் படித்து அதற்குப் பொருள் காண்பது எந்த நிரல் என்பதைப் பொறுத்தே பொருள் அமைந்தது. ஆகவே இக்குறிகளின் வரலாறு, அவற்றை விரித்துரைக்கும் பொறுப்பு யாரிடம் விடப்பட்டது என்பதன் வரலாறாகவே விளங்குகிறது.

ஒரு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் முறை தோன்றியபோதுதான் கோப்புகளுக்குப் பெயரிடும் தேவையும், அப்பெயர்களைத் தொகுதி தொகுதியாகக் கையாளும் தேவையும் முனைப்புப் பெற்றன. 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் செயல்விளக்கம் பெற்ற சிடிஎஸ்எஸ் என்னும் நேரப்பகிர்வு அமைப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பகுதிகள் கொண்ட பெயர் இருந்தது. ஒவ்வொரு பகுதியும் ஆறெழுத்து அளவினது. ஆறு என்ற அந்த அளவு, அது இயங்கிய ஐபிஎம் கணினியின் நினைவகச் சொல் 36 பிட் நீளமுடையதாகவும் ஓரெழுத்து 6 பிட் அளவினதாகவும் இருந்ததன் விளைவு. பெயரின் முதற்பகுதி கோப்பு இன்னது என்பதையும் இரண்டாம் பகுதி அது எவ்வகையினது என்பதையும் உணர்த்தின. பெயரிலேயே வகை குறிக்கப்பட்டுவிட்ட பிறகு, இவ்வகைக் கோப்புகள் அனைத்தையும் காட்டு என்று ஒரே வரியில் கேட்கும் விருப்பம் எழுவது இயல்பு. பதிலிக்குறிக்கான இடம் இவ்வாறு பெயரின் அமைப்பிலேயே உருவானது.

அந்த இடத்தை முறையான இலக்கணத்தோடு நிரப்பியது, 1965-இல் அதே கழகமும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் பெல் ஆய்வகமும் கூடி வடிவமைக்கத் தொடங்கிய மல்டிக்ஸ் இயங்குதளம். அதில் பெயர்கள் 32 எழுத்துவரை நீளலாம்; புள்ளியால் பிரிக்கப்பட்ட பல உறுப்புகளைக் கொண்டிருக்கலாம். உடு மரபு என்று அந்த அமைப்பினர் வழங்கிய விதிப்படி ஒற்றை உடுக்குறி ஓர் உறுப்புக்குள் மட்டும் விரியும். இரட்டை உடுக்குறி எத்தனை உறுப்புகளையும் தழுவும். வினாக்குறி ஓரெழுத்தைக் குறிக்கும். இதனுடன் சம மரபு என்ற ஒன்றும் இணைந்திருந்தது. பெயர்மாற்றக் கட்டளையில் பழைய பெயரை உடுக்குறியோடும் புதிய பெயரைச் சமக்குறியோடும் எழுதினால், உடுக்குறி எந்த உறுப்பைப் பிடித்ததோ அதுவே சமக்குறியின் இடத்தில் அமரும். தெரியாததைக் கண்டறிவதோடு நில்லாமல், கண்டறிந்ததை மீண்டும் எடுத்தாளவும் வழிசெய்த இந்த ஏற்பாட்டின் நேர்த்தியைப் பின்வந்த பல அமைப்புகள் எட்டவில்லை. இரட்டை உடுக்குறி பல பத்தாண்டுகளுக்குப் பின்னர், அடைவுகளுக்குள் அடைவாக எத்தனை அடுக்குகளுக்கும் இறங்கித் தேடும் குறியாக வேறு அமைப்புகளில் மறுவாழ்வு பெற்றது.

1969-இல் மல்டிக்ஸ் பணியிலிருந்து பெல் ஆய்வகம் விலகியது. அங்கிருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதே ஆண்டில் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினர். இந்த அமைப்பின் தொடக்ககாலப் பிடிபி-11 கணினியில் இருந்த நினைவகம் 24 கிலோபைட் மட்டுமே. அதில் இயங்குதளம் 16-ஐ எடுத்துக்கொள்ள, பயனரின் நிரல்களுக்கு எஞ்சியது 8. பயனர் தட்டச்சிடும் கட்டளையை வாங்கி உரிய நிரலை ஓட்டுவிக்கும் இடைநிலை நிரலுக்கு ஷெல் என்று பெயர். தட்டச்சிட்ட வரியில் உடுக்குறியோ வினாக்குறியோ சதுர அடைப்போ காணப்பட்டால், ஷெல் தானே அதை ஆராயாமல் குளோப் என்ற தனி நிரலிடம் ஒப்படைத்துவிடும். எங்கும் பரந்த என்னும் பொருளுடைய குளோபல் என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே குளோப். 1971 நவம்பரில் வெளிவந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இந்நிரல் இடம்பெற்றிருக்கிறது. அக்கால நினைவகத்தின் நெருக்கடியை எண்ணும்போது இந்த வேலைப்பிரிவினை வியப்பளிப்பதன்று. 1979-இல் வெளியான ஏழாம் பதிப்போடு வந்த ஷெல், விரிக்கும் வேலையைத் தானே ஏற்றுக்கொள்ள, தனி நிரலுக்குத் தேவை அற்றுப்போனது. ஆனால் குளோப் என்ற பெயர், பதிலிக்குறிகளை விரிக்கும் செயலுக்கே பொதுப்பெயராகி நிலைத்துவிட்டது.

மல்டிக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் உடுக்குறியைத் தான் பெற்று, அமைப்பின் பொதுச் செயற்கூறு ஒன்றின் துணையால் அதைப் பொருத்திப் பார்த்தது. யூனிக்ஸிலோ கட்டளை தொடங்குவதற்கு முன்னரே குறி மறைந்து, அதனிடத்தில் உண்மையான கோப்புப்பெயர்கள் அகரவரிசையில் வந்து நின்றன. இதனால் விளைந்த நன்மை பெரிது: எந்த நிரலாளரும் பதிலிக்குறியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், தம் நிரல் அதை ஏற்கும்படி செய்ய முடிந்தது. விளைந்த இடர்களும் அதே ஊற்றிலிருந்து பிறந்தவைதாம். அழிக்கும் கட்டளைக்கு வந்து சேர்வது பெயர்ப்பட்டியல் மட்டுமே. பயனர் எழுதியது உடுக்குறியா, பெயர்களையெல்லாம் அவரே ஒவ்வொன்றாகத் தட்டச்சிட்டாரா என்பதை அக்கட்டளை அறிய வழியில்லை. உடுக்குறிக்கும் அதை அடுத்த வகைப்பெயருக்கும் இடையே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தால் போதும்: அடைவில் உள்ள கோப்புகளெல்லாம் முதலில் அழிந்துபோகும், பிறகு, வகைப்பெயரின் பெயரால் ஒரு கோப்பு இல்லையே என்ற முறையீடு திரையில் தோன்றும். சிறுகோட்டில் தொடங்கும் பெயருடைய கோப்பு ஒன்று அடைவில் இருந்துவிட்டால், உடுக்குறி விரியும்போது அப்பெயரும் பட்டியலில் சேர, கட்டளை அதைக் கோப்பாகக் கொள்ளாமல் தனக்கிடப்பட்ட விருப்பக்குறியாகக் கொண்டு நடத்தையை மாற்றிக்கொள்ளும். இந்தக் குறைபாட்டையே காவலாக்கி, ஒவ்வொரு கோப்பையும் அழிப்பதற்கு முன் கேள் என்று பொருள்படும் விருப்பக்குறியின் பெயரிலேயே ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி முதன்மையான அடைவுகளில் வைத்த முன்னெச்சரிக்கையாளர்களும் இருந்தனர்.

விரிந்த பட்டியலுக்கு ஓர் எல்லையும் இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் 2007-ஆம் ஆண்டு வரை ஒரு நிரலுக்கு வழங்கக்கூடிய உள்ளீட்டுப் பட்டியல் 128 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது. பல்லாயிரம் கோப்புகள் நிறைந்த அடைவில் உடுக்குறி இட்டவர்க்குப் பட்டியல் மிக நீண்டது என்ற மறுப்பே மறுமொழியாக வந்தது. புள்ளியில் தொடங்கும் பெயர்களை உடுக்குறி பிடிப்பதில்லை என்ற வழக்கத்தின் பின்னணி இன்னும் சுவையானது. ஒவ்வோர் அடைவிலும் தன்னையும் தன் தாய் அடைவையும் குறிக்க ஒரு புள்ளியும் இரு புள்ளிகளும் பெயர்களாக இருந்தன. அவற்றைப் பட்டியலில் காட்டாமல் விடுவதற்காக எழுதப்பட்ட நிரல்வரி, முழுப்பெயரையும் சோதிக்காமல் முதலெழுத்து புள்ளியா என்று மட்டுமே சோதித்தது என்றும், அந்தக் குறுக்குவழியின் விளைவாகவே மறைந்திருக்கும் கோப்பு என்ற கருத்து பிறந்தது என்றும் யூனிக்ஸ் குழுவைச் சேர்ந்த ராப் பைக் எழுதியிருக்கிறார்.

மேசைக்கணினிகளின் மரபு வேறு திசையில் சென்றது. 1974-இல் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்தில் கோப்பின் பெயர் 8 எழுத்தும் வகைப்பெயர் 3 எழுத்துமாக, 11 இடங்கள் கொண்ட மாறாத கட்டமாக அமைந்தது. பெயர் குறுகியதானால் எஞ்சிய இடங்களில் வெற்றிடம் நிரப்பப்பட்டது. இந்த 11 இடங்களில் எதில் வினாக்குறி இருந்தாலும், அவ்விடத்தில் எவ்வெழுத்து வந்தாலும் பொருந்தும் என்று இயங்குதளமே கொண்டது. உடுக்குறியோ அங்கே தனிப்பொருள் உடையதன்று; மீதமுள்ள இடங்களையெல்லாம் வினாக்குறியால் நிரப்பு என்பதற்கான சுருக்கெழுத்து மட்டுமே. 1980-இல் டிம் பேட்டர்சன் எழுதி, மறு ஆண்டில் மைக்ரோசாஃப்ட் வாங்கி, ஐபிஎம் மேசைக்கணினியோடு உலகெங்கும் பரவிய டாஸ் இதே மரபைத் தொடர்ந்தது. பயனரைக் குழப்பிய சில வழக்கங்களின் காரணம் இங்கே விளங்கும். உடுக்குறியை அடுத்து ஓரெழுத்தை எழுதினாலும் டாஸ் அதைப் பொருட்படுத்தாது, ஏனெனில் வினாக்குறிகள் அதற்குள் கட்டத்தை நிறைத்துவிட்டிருக்கும். உடுக்குறி, புள்ளி, உடுக்குறி என்று *.* எழுதினால் வகைப்பெயரே இல்லாத கோப்புகளும் அகப்படும், ஏனெனில் புள்ளி எங்கும் சேமிக்கப்படுவதில்லை. அது பெயரையும் வகையையும் பிரித்துக் காட்டும் எழுத்துமுறை மட்டுமே.

டாஸில் உடுக்குறியை விரிப்பது கட்டளையின் பொறுப்பாக இருந்ததால், அழிக்கும் கட்டளை தனக்கு இடப்பட்டது *.* என்பதைத் தன் கண்ணாலேயே கண்டது. ஆகவே உறுதியா என்று ஒருமுறை கேட்க அதனால் முடிந்தது. கடிதம் முதலான டாக் வகைக் கோப்புகளையெல்லாம் பேக் வகையாக ஒரே வரியில் பெயர்மாற்றவும் முடிந்தது, ஏனெனில் இரு பக்கத்து உடுக்குறிகளும் விரியாமலேயே கட்டளையின் கையில் சேர்ந்தன. மல்டிக்ஸின் சம மரபு சாதித்ததை இது எளிய அளவில் சாதித்தது. யூனிக்ஸில் இவ்விரண்டும் இயல்பாக அமையவில்லை. அதற்கு மாறாக, டாஸுக்காக எழுதப்பட்ட எத்தனையோ நிரல்கள் பதிலிக்குறியை அறியாதவையாகவே இருந்தன, ஏனெனில் அவற்றை எழுதியவர்கள் அதற்கென்று உழைக்கவில்லை. எது சிறந்தது என்ற வாதம் நெடுங்காலம் நிகழ்ந்தது. பயனர் எழுதியது என்ன என்பதை அறிந்த பிறகே அழிவுச் செயலில் இறங்கும் அமைப்பு பயனர்பால் கூடுதல் பரிவுடையது என்பதையும், எல்லா நிரல்களும் ஒரே மொழியைப் பேசும் சீர்மை யூனிக்ஸின் பக்கமே என்பதையும் நடுநிலையோடு பார்ப்பவர் ஒப்புவர்.

1995-இல் விண்டோஸ் நீண்ட பெயர்களை ஏற்றபோது பழைய நிரல்களுக்காக ஒவ்வொரு நீண்ட பெயருக்கும் 8-உம் 3-உமாக ஒரு குறும்பெயரையும் சேர்த்து வைத்தது. தேடல் இரு பெயர்களையும் பார்த்ததால், எச்டிஎம் என்ற மூவெழுத்து வகையைக் கேட்டவர்க்கு எச்டிஎம்எல் வகைக் கோப்புகளும் சேர்ந்து வந்தன. பதிலிக்குறிகள் விண்டோஸில் கோப்பின் பெயரில் இடம்பெற முடியாதவை. யூனிக்ஸிலோ சாய்கோட்டையும் சுழிமதிப்புக் குறியையும் தவிர எதுவும் பெயரில் வரலாம் என்பதால், உடுக்குறியையே பெயராகக் கொண்ட கோப்பும் இருக்கக்கூடும். அதை மட்டும் அழிக்க விரும்புவோர் குறியை மேற்கோளுக்குள் அடைத்து அதன் பதிலித் தன்மையை நீக்கியாக வேண்டும்.

இதே உடுக்குறிக்குக் கணிதத்திலிருந்து வந்த இன்னொரு பொருளும் உண்டு. ஸ்டீபன் கிளீனி என்ற தர்க்கவியல் அறிஞர் நரம்பு வலைகளைப் பற்றி 1951-இல் எழுதிய ஆய்வறிக்கையில், ஒரு கோலம் எத்தனை முறையும் திரும்ப வரலாம் என்பதைக் காட்டும் செயலியைக் கையாண்டார். உடுக்குறியால் எழுதப்படும் அது இன்று கிளீனி உடு எனப்படுகிறது. கென் தாம்சன் 1968-இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கோட்பாட்டை உரைத்தேடலுக்குப் பயன்படுத்திக் காட்டினார். இம்மரபில் உடுக்குறி தனித்து எதையும் குறிக்காது. தனக்கு முன்னுள்ள எழுத்து மீண்டும் மீண்டும் வரலாம், வராமலும் இருக்கலாம் என்றே உணர்த்தும். எவ்வெழுத்துக்கும் பதிலாக நிற்பது அங்கே புள்ளி. கோப்புப்பெயருக்கு ஓர் உடுக்குறியும், கோப்பினுள் உள்ள உரைக்கு வேறோர் உடுக்குறியும் ஒரே இயங்குதளத்தில் இடம்பெற்றன என்பது கணினிக் கல்வியில் இன்றுவரை மாணவரை இடறச்செய்யும் முரண்.

தரவுத்தளங்கள் மூன்றாவது ஒரு வழக்கைக் கொண்டுவந்தன. ஐபிஎம் நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் அறிமுகப்படுத்திய வினவல் மொழியின் வழிவந்த எஸ்கியூஎல்லில், உடுக்குறியின் வேலையை விழுக்காட்டுக்குறியும் வினாக்குறியின் வேலையை அடிக்கோடும் செய்கின்றன. 1970-களில் தொலைபேசித் தடம் வழியே நூற்பட்டியல்களையும் வழக்குத் தீர்ப்புகளையும் தேடித் தந்த சேவைகள் தமக்குள் ஒத்துப்போகவே இல்லை: டயலாக் என்ற சேவையில் சொல்லின் வேரை மட்டும் எழுதி எஞ்சியதை வெட்டிவிட வினாக்குறி பயன்பட்டது, லெக்சிஸ் என்ற சட்டத் தேடல் சேவையிலோ அதற்கு வியப்புக்குறி வழங்க, உடுக்குறி ஓரெழுத்தை மட்டுமே குறித்தது. நூலகர்கள் இதை வேர்வெட்டுத் தேடல் என்ற பொருளில் குறிப்பிட்டனர். சொற்கள் அகரவரிசையில் அடுக்கப்பட்ட சுட்டியில், தொடக்கம் தெரிந்த சொல்லைத் தேடுவது அகராதியைப் புரட்டுவது போல எளிது. இறுதி மட்டுமே தெரிந்தால் சுட்டி முழுவதையும் படித்தாக வேண்டும், அல்லது ஒவ்வொரு சொல்லையும் தலைகீழாக எழுதிய இரண்டாவது சுட்டி ஒன்று வேண்டும். 1995 டிசம்பரில் வெளிவந்த ஆல்டாவிஸ்டா தேடுபொறி உடுக்குறிக்கு முன் மூன்றெழுத்தாவது இருக்க வேண்டும் என்று விதித்ததும், பின்வந்த கூகுள் உடுக்குறியைச் சொல்லின் பகுதிக்கு வழங்காமல் ஒரு தொடரில் விடுபட்ட முழுச்சொல்லுக்கு மட்டும் வழங்கியதும் இச்செலவின் காரணமாகவே எனலாம்.

இணைய முகவரிகளிலும் உடுக்குறி புகுந்தது. ஒரு தளப்பெயரின் இடப்பக்கத்தில் அதை எழுதினால், அப்பெயரின் கீழ் பதிவு செய்யப்படாத எப்பெயரைக் கேட்டாலும் ஒரே விடை கிடைக்கும். 2003 செப்டம்பர் 15 அன்று, காம், நெட் என்னும் இரு பெரும் பெயர்வெளிகளைப் பேணிவந்த வெரிசைன் நிறுவனம் அவற்றின் தலைமையிடத்திலேயே இக்குறியை வைக்க, யாரும் பதிவு செய்யாத பெயர்களெல்லாம் அந்நிறுவனத்தின் பக்கத்துக்குச் சென்றன; அனுப்புநரின் தளம் உண்மையிலேயே உள்ளதா என்று பார்த்து வேண்டாத அஞ்சலைத் தடுத்துவந்த வடிகட்டிகள் செயலிழந்தன. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு வற்புறுத்தியதன் பேரில் அக்டோபர் 4 அன்று அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. இல்லை என்ற விடையும் ஒரு பயனுள்ள விடையே என்பதை அந்த மூன்று வாரங்கள் காட்டின.

பதிலிக்குறிகள் தமிழெழுத்தைச் சந்தித்தபோது, ஓரெழுத்து என்பது எது என்ற அடிப்படைக் கேள்வியே எழுந்தது. ஆங்கில எழுத்தை மனத்தில் கொண்டு பிறந்த வினாக்குறி, நினைவகத்தில் உள்ள ஒரு குறியெண்ணையே ஓரெழுத்தாகக் கொள்வது. ஒருங்குறி முறையில் தமிழின் உயிர்மெய் தனி எண் பெறுவதில்லை. மெய்யின் வரிவடிவத்துக்கு ஓர் எண்ணும், அதனோடு சேரும் துணைக்குறிக்கு வேறோர் எண்ணும் தரப்படுகின்றன. புள்ளியும் ஒரு துணைக்குறியே. ஆகவே இரண்டு வினாக்குறிகளை எழுதி ஈரெழுத்துச் சொற்களைத் தேடுபவருக்கு, பட என்பதோடு ஓரெழுத்து ஒருமொழிகளான வா, தீ ஆகியவையும் வந்து சேரும். கல் மூன்றெண்ணாகவும் கொடி நான்கெண்ணாகவும் இருப்பதால் தவறிப்போகும். கட* என்று தேடினால் கடல், கடன் முதலியவற்றோடு கட்டு, கட்டில் போன்றவையும் அகப்படும், ஏனெனில் டகர வரிவடிவம் முன்னும் புள்ளி பின்னுமாகவே அங்கே நிற்கின்றன.

ஒருங்குறி பரவுவதற்கு முன் வழங்கிய டிஸ்கி, 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாப் ஆகிய எட்டுப்பிட் குறியேற்றங்களில் சிக்கல் வேறு வகையினது. அவை எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தன; ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னரே வந்தன; கு, கூ போன்றவை தனி எண் பெற்றன. ககரத்தை எழுதி உடுக்குறி இட்டவருக்குக் கடலும் காடும் கிடைத்தன. குடமும் கெண்டையும் கொடியும் கிடைக்கவில்லை. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 என்ற குறியேற்றம் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் தனி எண் வழங்கியது. அங்கே ஒரு வினாக்குறி ஒரு தமிழெழுத்துக்கு நேர் ஈடாகும், ஆனால் க, கா, கி ஆகியவை வெவ்வேறு எண்களாதலால், ககர வருக்கம் முழுவதையும் வேண்டுவோர்க்கு வெறும் உடுக்குறி போதாது. எண்களின் வரிசை ஒழுங்கைக் கணக்கிட்டே அவ்வருக்கத்தைத் திரட்ட முடியும். சொல்லிலக்கணமும் தன் பங்குக்கு இடையூறு செய்தது: மரம்* என்ற தேடல் சாரியை பெற்ற மரத்தை என்பதைத் தவறவிடும், மர* என்று சுருக்கினால் ஒருங்குறியில் மரபும் மரணமும் மரியாதையும் கூடவே வரும்.

முதலெழுத்துத் தெரியாமல் இரண்டாமெழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடும் தேவை தமிழுக்குப் பழமையானது. இரண்டாமெழுத்து ஒன்றிவரத் தொடுக்கும் எதுகையே அத்தேவையின் ஊற்று. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதியின் நான்கு பகுதிகளில் இறுதியான தொடையகராதி, சொற்களை எதுகை நோக்கி அடுக்கி, செய்யுள் இயற்றுவோருக்கு உதவும் பொருட்டுத் தொகுக்கப்பட்டது. இன்று ஒருங்குறியில் ?டம் என்று எழுதித் தேடினால் படம், மடம், இடம் கிடைக்கின்றன. அவற்றுக்கு எதுகையான குடம் கிடைப்பதில்லை, ஏனெனில் ககரத்துக்கும் டகரத்துக்கும் இடையே உகரத்தின் துணைக்குறி தனியோர் இடத்தைப் பிடித்திருக்கிறது. வினாக்குறியை விடுத்து *டம் என்று விரித்தால் குடம் வந்துவிடும். ஆனால் எதுகைக்கு ஒவ்வாத பாடமும் வட்டமும் அதனுடன் சேர்ந்தே வரும்.